வேலை எங்கே முடிகிறது?

ஒரு தொழில் நல்லதா, தீயதா என்று ஆராயப் புகும்போது, அத்தொழில் எதைப் படைக்கிறது, எவருக்குப் பயன்படுகிறது, எவ்வளவு ஊதியம் தருகிறது என்னும் மூன்றையே நாம் பெரும்பாலும் நோக்குகிறோம். நான்காவதாக ஒரு வினா உண்டு. அத்தொழில் எதைக் கழிக்கிறது, கழித்ததை எங்கே போடுகிறது என்பதே அவ்வினா. இல்லறத்தார்க்கு உரிய அகிம்சையைப் பற்றிச் சிந்திக்குங்கால், மற்ற மூன்றினும் இதுவே கூர்மையானது என்பது நம் கருத்து. இதனை வடசென்னையை எடுத்துக்காட்டாகக் கொண்டு சிறிது ஆராய்வோம்.

சென்னையின் வடபகுதி நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொழில்நுட்பத்தின் தலைவாயிலாக விளங்கி வருகிறது. தென்னிந்தியாவின் முதல் இரயில் 1.7.1856 அன்று இராயபுரத்திலிருந்தே வாலாஜா ரோடு நோக்கிப் புறப்பட்டது. 1955-இல் தோன்றிய என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் திருவொற்றியூரில் புல்லட் மோட்டார் சைக்கிள்களை உருவாக்கியது. 1970 முதல் 1975 வரை எண்ணூர் அனல் மின் நிலையத்தின் ஐந்து அலகுகளும் ஒவ்வொன்றாக இயங்கத் தொடங்கின. 1983-இல் சென்னைத் துறைமுகத்தில் சரக்குப் பெட்டக முனையம் அமைந்தது. 2001-இல் முதன்மையாக நிலக்கரி இறக்குவதற்கென எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பட்டது. வந்தவாசி, செஞ்சி, ஆரணிப் பக்கத்து ஊர்களில் உழுதுண்டு வாழ்ந்த நம் குடும்பங்களிலிருந்து படித்து வேலை தேடிச் சென்னைக்கு வந்தோரைத் தாங்கியவை இத்தகைய ஆலைகளும் அலுவலகங்களுமே. ஆகவே இவற்றை வெறுத்துப் பேசுவது நமக்கு அழகன்று.

இயந்திரம் இரக்கமற்றது என்று சொல்லும் வழக்கம் உண்டு. அது முழு உண்மையாகாது. பாரந்தூக்கிகளும் பெட்டகங்களும் வருமுன் கப்பலிலிருந்து இறங்கிய மூட்டைகளை மனிதர் தலையிலும் முதுகிலும் சுமந்தனர். நுகத்தடி அழுத்திக் கழுத்துப் புண்பட்ட எருதுகள் அவற்றைத் தெருத்தெருவாக இழுத்தன. இயந்திரம் வந்தபின் பலருடைய கைவேலை குறைந்தது உண்மை. அது பற்றிய வருத்தமும் நியாயமானதே. எனினும் வாயில்லா உயிரின் கழுத்திலிருந்து பாரம் இறங்கியதை அகிம்சையை நம்புகிறவர் மறந்துவிடலாகாது.

ஆலைக்குள் கலைக்கு இடமில்லை என்பதும் பொருந்தாது. புல்லட் வண்டியின் பெட்ரோல் டாங்கில் ஓடும் மெல்லிய கோடுகளைப் பார்த்திருப்பீர்கள். அச்சோ அளவுகோலோ இன்றி, தூரிகையைக் கையில் பிடித்து, ஒரே மூச்சில் அவற்றை வரையும் கைவினைஞர்கள் அவ்வாலையில் பேர்பெற்றவர்கள். இரும்பு வளைக்கும் இடத்திலும் மனிதனின் படைப்பாற்றல் தனக்கென ஓரிடம் தேடிக்கொள்கிறது என்பதற்கு இது சான்று. ஆனால் நம் படைப்பாற்றல் எல்லாம் பொருளின் முகப்பிலேயே நின்றுவிடுகிறது. பின்புறத்து வாசல் வழியே வெளியேறுவதன் மீது அத்தகைய தூரிகை எதுவும் படுவதில்லை.

நாம் ஆசிரியப் பயிற்சி பெற்ற நாள்களில் கைத்தொழிலும் ஒரு பாடம். தக்களியில் நூற்போம், அட்டைகளை வெட்டிப் பெட்டி செய்வோம். பெட்டி எவ்வளவு அழகாக அமைந்தாலும் வெட்டிய துண்டுகளைத் திரட்டி, பசையைத் துடைத்து, இடத்தைப் பழையபடி ஆக்கிய பின்னரே வேலை முடிந்ததாகக் கணக்கு. பின்னாளில் வகுப்பறைகளில் நாமும் அதனையே குழந்தைகளுக்குச் சொல்லி வந்தோம். சிறுவர்க்கு உரைத்த அந்த எளிய விதியைப் பெரியோர்க்கும் பேராலைகளுக்கும் பொருத்திப் பார்க்க வேண்டும்.

நம் வீட்டுப் பெரியோர் இதனை வேறொரு வகையில் அறிந்திருந்தனர். கிணற்று நீரை மடித்த துணியால் வடிகட்டியே அருந்தினர். வடிகட்டியதோடு அவர்கள் வேலை முடியவில்லை. துணியைத் திருப்பிப் பிடித்து, வடித்த நீராலேயே அலசி, அந்நீரை எடுத்த கிணற்றிலேயே மெல்ல விட்டனர். துணியில் தங்கிய நுண்ணுயிர்கள் தம் இருப்பிடம் சேரவேண்டும் என்பதே அதன் நோக்கம். தூய நீர் நமக்குக் கிடைத்தது பாதி வேலை; கழிந்தது உரிய இடம் சேர்ந்தது மறுபாதி. முனிவர்க்குரிய ஐந்து சமிதிகளுள் ஆதான நிக்ஷேபண சமிதி, பொருளை எடுப்பதிலும் வைப்பதிலும் விழிப்பைக் கோருகிறது. உத்சர்க்க சமிதி, கழிவை உயிர்களற்ற இடம் பார்த்து விடுமாறு பணிக்கிறது. எடுத்தல் ஓர் அறம் எனில் விடுத்தலும் அதற்கு இணையான அறம் என்பது இவற்றால் விளங்கும்.

இந்த அளவுகோலோடு எண்ணூருக்குச் செல்வோம். இந்திய நிலக்கரியில் நூற்றுக்கு முப்பது முதல் நாற்பது பங்கு சாம்பலே. எரித்த பின் எஞ்சும் அச்சாம்பலை நீரோடு கரைத்துக் குழாய் வழியே சாம்பல் குளத்திற்கு அனுப்புவது வழக்கம். அக்குழாய்களில் விழுந்த விரிசல்களினூடே சாம்பற்குழம்பு பல்லாண்டுகள் கொசத்தலை ஆற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் கொட்டியது. நீருக்குள் கைகளால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் மக்களின் விரல்களில் சேற்றோடு சாம்பலும் தட்டுப்பட்டது. எண்ணூர் மின் நிலையம் 2017 மார்ச் இறுதியில் மூடப்பட்டுவிட்டது. விளக்கு எரிந்த நாள்கள் முடிந்தன. ஆற்றின் அடியில் படிந்தது அதனோடு கூட மறைந்துவிடவில்லை.

கழிவு சென்று சேரும் இடங்களுக்குப் பெரும்பாலும் புறம்போக்கு என்று பெயர். வரி விதிக்கப்படாத, எல்லார்க்கும் பொதுவான ஆறு, ஏரி, மேய்ச்சல் நிலங்களைக் குறித்த அச்சொல் இன்று வசைச்சொல்லாகி விட்டது. 2017 ஜனவரியில் டி.எம். கிருஷ்ணா எண்ணூர்க் கழிமுகத்தில் நின்று பாடி வெளியான பாடல் இம்மாற்றத்தையே பொருளாகக் கொண்டது. தனக்கெனச் சொந்தக்காரர் இல்லாத இடத்தில் எதையும் கொட்டலாம் என்னும் துணிவு சொல்லையும் சேர்த்தே கெடுத்தது.

அதே மாதம் 28ஆம் நாள் அதிகாலையில் எண்ணூர்த் துறைமுகத்திற்கு அருகே இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. கசிந்த எண்ணெய் எர்ணாவூர்க் கரையில் கருங்கூழாகத் திரண்டது. உறிஞ்சி இழுக்கும் இயந்திரங்களால் அத்தடித்த கசடை எளிதில் இழுக்க இயலவில்லை. முடிவில் தொண்டர்களும் மாணவர்களும் மீனவர்களும் பணியாளர்களும் வரிசையாக நின்று வாளிகளால் அள்ளினர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. படகுகளும் வலைகளும் கறுத்தன; கூழைக்கடாக்களின் சிறகுகளில் எண்ணெய் ஒட்டியது. அப்போதும் மீனவர்கள் படகிலிருந்து குவளைகளால் அதை அள்ள வேண்டியதாயிற்று. இலட்சக்கணக்கான டன் எண்ணெயைக் கடல் கடந்து கொணரும் அறிவு நம்மிடம் உண்டு. சிந்தியதை எடுப்பதற்கு ஏழையின் கையும் ஒரு வாளியுமே கருவி. எடுத்தலில் இத்தனை முன்னேறி, விடுத்தலில் இத்தனை பின்தங்கி நிற்கிறோம்.

இது வேண்டுமென்றே இழைத்த தீமையா என்று கேட்கலாம். எவரும் பறவையைக் கொல்ல எண்ணி எண்ணெயைச் சிந்தவில்லை. ஆனால் தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்தில் பிரமாதத்தை, அதாவது விழிப்பின்மையை, அதனோடு பிணைத்தே கூறுகிறது. கொல்லும் எண்ணம் இல்லாமை மட்டும் போதாது; காக்கும் கவனமும் வேண்டும். இச்சொல்லின் போக்கும் வியப்புக்குரியது. நூல்களில் கவனக்குறைவைக் குறிக்கும் பிரமாதம், நம் அன்றாடப் பேச்சில் மிகச் சிறப்பு என்னும் பாராட்டாக வழங்குகிறது. புதிய இயந்திரத்தைக் கண்டு நாம் “பிரமாதம்” என்று வியக்கும்போது பழைய பொருளையும் ஒருகணம் நினைவில் கொள்வது நன்று.

“ஆலை முதலாளியும் அரசும் செய்வதற்கு நாம் என்ன செய்வோம்? நாம் விசிறிக்கு விசையைத் தட்டுகிறவர்கள்தாமே?” என்று சிலர் கேட்பர். நியாயமான வினாதான். குழாயின் விரிசலை அடைக்க அதிகாரம் உடையவரின் பொறுப்பும், மின்சாரத்தைப் பயன்படுத்துகிறவரின் பொறுப்பும் ஒரே அளவின அல்ல. எல்லாருடைய குற்றம் என்று சொல்லி, செய்ய வேண்டியவரைத் தப்பவிடுவதும் அறமாகாது. ஆயினும் சிறுபங்கு என்பது பங்கே இல்லை என்றாகிவிடாது.

நம் சமையலறையையே பாருங்கள். வடிகட்டும் துணி இருந்த இடத்தில் இன்று ஆர்.ஓ. இயந்திரம் இருக்கிறது. நிலத்தடி நீரில் கடலுப்பு ஏறிய வடசென்னையில் அதன் தேவையை மறுக்க இயலாது. ஆனால் அது தரும் நல்ல நீரைவிடக் கழித்துவிடும் நீரே பெரும்பாலும் மிகுதி. அந்நீர் நேரே சாக்கடைக்குப் போகிறது. 2010-இல் மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியில் திறக்கப்பட்ட கடல்நீர்க் குடிநீர் ஆலை, நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் நன்னீர் தரும் திறனோடு அமைக்கப்பட்டது. அங்கும் செறிந்த உப்புநீர் மீண்டும் கடலுக்கே சென்றாக வேண்டும். துணி, இயந்திரம், ஆலை ஆகிய மூன்றுக்கும் செயல் ஒன்றே. துணியை அலசி நீரைக் கிணற்றில் விட்ட அந்த இரண்டாம் பாதி மற்ற இரண்டிலும் எங்கே என்பதே நம் வினா.

இதற்கு விடை காண்பதும் படைப்பாற்றலே. நிலக்கரிச் சாம்பல் செங்கல்லாகவும் சிமெண்டின் கலவையாகவும் மாறுவதை இன்று காண்கிறோம். கழிவென்று தள்ளியதைப் பயன்பொருளாக்கிய அம்மனம், டாங்கில் கோடு வரைந்த கைக்குச் சற்றும் குறைந்ததன்று. நம் இல்லங்களிலிருந்து பொறியியல் கற்று வெளிவரும் பிள்ளைகள் பலர். தாம் சேரும் ஆலையில் எத்தனை செய்கிறார்கள் என்று கேட்பதோடு, எஞ்சியது எங்கே போகிறது என்று கேட்கும் துணிவும் அவர்களுக்கு வேண்டும். பெற்றோர் சம்பளத்தை விசாரிக்கும்போது இதனையும் சேர்த்து விசாரித்தால் அத்துணிவு தானே வளரும்.

இல்லத்தில் செய்யத்தக்கவை சிறியனவே. ஆர்.ஓ. கழிக்கும் நீரைப் பாத்திரம் கழுவவும் தரை துடைக்கவும் வைத்துக்கொள்ளலாம். பழைய பேட்டரிகளையும் பழுதான கைப்பேசிகளையும் குப்பையோடு எறியாமல், அவற்றைத் திரும்பப் பெறும் இடத்தில் சேர்க்கலாம். பயன்படுத்திய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாதிருக்கலாம். ஒவ்வொரு வேலையின் இறுதியிலும் “இது எங்கே போகிறது?” என்று குழந்தைகளைக் கேட்கப் பழக்கலாம். கையிலிருந்து ஒரு பொருள் நீங்கிவிட்டதனால் அதன் மீது நமக்குள்ள கடமை நீங்கிவிடுவதில்லை. அது சென்று தங்கும் இடத்திலும் உயிர்கள் வாழ்கின்றன என்று அறிந்து நடப்பதே இல்லறத்தார் போற்றத்தக்க அகிம்சை.