செங்கல் வைக்கப் பிடிக்குமா?

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு, பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகள் ஏழெட்டுப் பேரோடு கூகுள் மீட்டில் பேசுவது எனக்கு மூன்று வருடப் பழக்கம். நான் ஆசிரியனும் அல்ல, ஆலோசகனும் அல்ல. வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவன். தருமபுரிப் பக்கம் அரசுப் பள்ளியில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர்தான் இழுத்துவிட்டார். "மார்க்கைப் பத்திப் பேச நாங்க இருக்கோம். மத்ததைப் பேசத்தான் ஆளில்லை" என்றார்.

அந்த 'மத்ததை' எங்கே தொடங்குவது என்று எனக்கு விளங்கவில்லை. அமெரிக்கத் தொழிலாளர் துறை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் நாட்டத் தேர்வு ஒன்று அகப்பட்டது. மொத்தம் அறுபது கேள்விகள். மனிதர்களின் நாட்டம் ஆறு வகை, வேலைகளும் ஆறு வகை, இரண்டும் பொருந்தினால் ஆள் அந்த வேலையில் நிலைப்பான் என்று ஜான் ஹாலண்ட் என்ற உளவியலாளர் 1959இல் முன்வைத்த கருத்துதான் அதற்கு அடிப்படை. ஒவ்வொரு கேள்வியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். சமையலறை அலமாரி செய்யப் பிடிக்குமா? சிரித்தார்கள். செங்கல் அல்லது டைல்ஸ் பதிக்கப் பிடிக்குமா?

ஒரு பையன் மட்டும் மைக்கைத் திறந்தான். "அது எங்கப்பா செய்யற வேலை சார்."

"சரிப்பா. உனக்குப் பிடிக்குமா, பிடிக்காதா?"

மைக்கை அணைத்துவிட்டான். இரவு பத்து மணிக்கு வாட்ஸாப்பில் வந்தான். 'பிடிக்கும்னு போட்டா அப்பா திட்டுவார். பிடிக்காதுன்னு போட்டா அப்பாவையே பிடிக்கலைன்னு சொன்ன மாதிரி இருக்கு. அதான் விட்டுட்டேன் சார்.'

விடுமுறை நாட்களில் அப்பாவோடு சித்தாளாகப் போய்க் கலவை சுமக்கிற பையன் அவன். அந்தத் தேர்வை எழுதியவர்கள், பதில் சொல்பவர் தனியாக ஓர் அறையில் உட்கார்ந்திருப்பார் என்றே நினைத்திருக்க வேண்டும். இந்தப் பிள்ளைகளுக்கு ஏது தனி அறை? இருக்கிற ஒரே அறையில் அம்மா காய் நறுக்கிக்கொண்டிருப்பார், தம்பி டிவி பார்ப்பான். போன் அண்ணனுடையது, ஏழு மணிக்குத் திருப்பித் தந்தாக வேண்டும். அங்கே உட்கார்ந்துகொண்டு 'என்ன ஆகப்போறே' என்ற கேள்விக்குச் சத்தமாகப் பதில் சொன்னால், 'கலெக்டர்' என்றுதான் சொல்ல முடியும். சொல்வது எனக்கு அல்ல, காய் நறுக்குகிற அம்மாவுக்கு. அப்படிக் கலெக்டர் என்று சொன்ன பெண் ஒருத்தி பிறகு எழுதினாள்: 'டிரஸ் டிசைன் பண்ணப் படிக்கணும் சார். டெய்லர் வேலைக்கா படிக்க வச்சோம்னு கேப்பாங்க.'

தொடக்கத்தில் கேமராவைப் போடச் சொல்லி அதட்டிக்கொண்டிருந்தேன். கறுப்புக் கட்டங்களைப் பார்த்துப் பேசுவது கிணற்றுக்குள் பேசுவதுபோல இருந்தது. இப்போது அதட்டுவதில்லை. அவர்கள் வாய் வீட்டுக்காகப் பேசுகிறது, விரல் தனக்காகப் பேசுகிறது. நேரில் போய் வகுப்பில் நின்றிருந்தால் எனக்கு வாய் சொன்னது மட்டுமே கிடைத்திருக்கும்.

தகவலுக்குப் பஞ்சமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2022இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் இருக்கிறது, பள்ளி முடிப்பவர்களுக்குக் 'கல்லூரிக் கனவு' இருக்கிறது. எந்தப் படிப்புக்கு என்ன தகுதி, கல்விக் கடன் எப்படி என்பதையெல்லாம் அங்கே என்னைவிட நன்றாகவே சொல்கிறார்கள். பொறியியல் கலந்தாய்வு 2018இலிருந்து இணையத்துக்கு வந்துவிட்டது. 2010இல் அண்ணன் மகனோடு கிண்டி வளாகத்துக்குப் போய் நாள் முழுக்க மரத்தடியில் காத்திருந்தவன் என்பதால், அந்த அலைச்சல் போனதில் எனக்கு மெத்த மகிழ்ச்சி. ஆனால் கணிதத்துக்கு நூறு, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது என்று இருநூறுக்குக் கட்-ஆஃப் போட்ட பிறகு, விருப்பப் பட்டியலை நிரப்பித் தருவது பல ஊர்களில் பிரவுசிங் சென்டர் அண்ணன்தான். 'போன வருஷம் இந்த மார்க்குக்கு இது கிடைச்சுது' என்பது அவர் கணக்கு. விருப்பப் பட்டியல் என்று அதற்குப் பேர் வைத்தவர் யாரோ!

இன்னொரு பெண் ஒரு படம் அனுப்பினாள். நான்கு வட்டங்கள்: பிடித்தது, கைவந்தது, உலகுக்குத் தேவையானது, காசு தருவது. நடுவில் இகிகாய், அதாவது வாழ்வதற்கான பிடிப்பு. 'இதை ஃபில் பண்ணணுமா சார்?' ஜப்பானிய ஞானம் என்று இணையம் முழுக்கச் சுற்றும் இந்தப் படம் ஜப்பானில் பிறந்ததே அல்ல. ஒரு ஸ்பானியர் வரைந்த வட்டங்களின் நடுவில், 2014இல் ஓர் ஆங்கிலேயர் தன் வலைப்பதிவில் அந்தச் சொல்லைப் போட்டார், அவ்வளவுதான். இகிகாய் பற்றி 1966இலேயே புத்தகம் எழுதிய ஜப்பானிய மனநல மருத்துவர் மியெகோ காமியா, தீவு ஒன்றிலிருந்த தொழுநோய் இல்லத்தில் நோயாளிகளோடு பழகியவர். வேலை, வருமானம், வீடு எல்லாம் பறிபோனவர்களிடம் வாழ எது பிடிப்பாக இருக்கிறது என்பதே அவர் தேடியது. அங்கே காசுக்கு வட்டம் ஏது? அந்தப் பெண்ணிடம், காலியாகவே விட்டுவிடு என்றேன். நான்கு வட்டங்களும் எனக்கு அறுபத்திரண்டு வயதிலும் ஒன்றை ஒன்று தொடவில்லை. பதினேழில் தொட வேண்டும் என்பது கொடுமை.

கொத்தனார் மகனிடம் மட்டும் அந்தச் செங்கல் கேள்வியைத் திருப்பிக் கொடுத்தேன். "உன்னைக் கேக்கலைப்பா. அப்பாவைக் கேட்டுப் பாரேன்."

அடுத்த ஞாயிறு முதல்முறையாக அவன் கட்டத்தில் வெளிச்சம் வந்தது. பக்கத்து வீட்டுச் சுற்றுச்சுவர் வேலை நடக்கிறது. ஆடுகிற படத்தில் சாரம், மணல் குவியல், தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு ஒரு கண்ணை மூடிப் பார்க்கும் மனிதர். நாங்கள் அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருக்கும்போதே கேட்டான்.

"அப்பா, உனக்கு இந்த வேலை பிடிக்குமா?"

"யாருடா கேக்கச் சொன்னது?"

"சார்தான்."

அவர் குண்டைச் சுருட்டிப் பையில் போட்டார். கொஞ்ச நேரம் பதில் இல்லை. அழைப்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"பூச்சு வேலை பிடிக்காது" என்றார். "கட்டு வேலைன்னா சரி."

பையனுக்கு இது புதுச் செய்தி என்பது அவன் குரலிலேயே தெரிந்தது. "ஏம்ப்பா?" என்று கேட்டான். அவர் ஏதோ சொன்னார், பக்கத்தில் ஓடிய கலவை இயந்திரச் சத்தத்தில் எங்களுக்குக் கேட்கவில்லை. அவனுக்குக் கேட்டிருக்க வேண்டும். போனை மணல்மேல் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டே நின்றான். எங்களுக்குக் கால் மணி நேரம் வானம் மட்டும் தெரிந்தது. யாரும் வெளியேறவில்லை.

மறுவாரம் கேமராவை வழக்கம்போல அணைத்துவிட்டான்.