படகை அவிழ்க்கும் முன்

கடலை நம்பிப் பிழைக்கும் உறவுகளே, கேளுங்கள். ஏப்ரல் 15-இல் தொடங்கும் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-ஓடு முடிகிறது. அடுத்து ஐஸ் ஏறும், டீசல் ஏறும், ஆட்கள் ஏறுவார்கள். எக்கோ சவுண்டர் திரையில் ஆழம் சரியாக விழவில்லை என்று தெரிந்தவர்களே, அதைச் சரிசெய்யாமல் படகை அவிழ்க்காதீர்கள்.

அடிமரத்தில் இருக்கும் டிரான்ஸ்டியூசர் ஒலியை அனுப்பி, எதிரொலியைக் கேட்டு ஆழம் சொல்கிறது. கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் ஓடும். எதிரொலி பத்தில் ஒரு நொடியில் திரும்பினால் ஆழம் 75 மீட்டர். அந்தக் காது அடைத்துப்போனால் திரை பொய் சொல்லும். பாக் நீரிணையின் ஆழம் குறைவு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறை. நம் சாக்குப்போக்கைக் கேட்டுப் பாறை விலகாது.

ஆகவே இன்றே பாருங்கள். பியூஸைப் பாருங்கள், எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரி தளர்ந்து திரை அணைகிறதா என்று பாருங்கள். பிளக்கைக் கழற்றிக் களிம்பு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். கேபிளை முழு நீளமும் கையால் தடவி நசுங்கலைத் தேடுங்கள். வெட்டி ஒட்டுப்போட்டு ஒப்பேற்றாதீர்கள்.

படகு மேடேறி நிற்கும்போதே டிரான்ஸ்டியூசரின் முகத்தைக் கழுவுங்கள். பாசி படிந்திருந்தால் சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். கம்பி பிரஷ் வேண்டாம், தின்னர் வேண்டாம். அதை நீரில்லாமல் நெடுநேரம் ஓடவிடாதீர்கள்.

நீரில் இறக்கிய பின்னும் பாருங்கள். நிற்கும்போது தெளிவாகவும் ஓடும்போது குழம்பியும் இருந்தால், அடியில் காற்றுக்குமிழி புகுகிறது. பொருத்திய இடத்தையும் சாய்வையும் திருத்துங்கள். எஞ்சினை நிறுத்தியதும் திரை தெளிந்தால், மின்வயர்களைக் கேபிளிலிருந்து விலக்குங்கள். எதுவும் பலிக்காவிட்டால் பக்கத்துப் படகில் ஓடும் அதே மாடல் டிரான்ஸ்டியூசரை மாட்டிப் பாருங்கள். திரை தெளிந்தால் உங்களுடையது செத்தது. தெளியாவிட்டால் பழுது மேலே பெட்டியில்.

கேட்டு வருபவருக்கு உங்கள் டிரான்ஸ்டியூசரைக் கொடுக்க மறுக்காதீர்கள். அவர் படகில் இருப்பதும் நம் பிள்ளைகள்தான்.

செலவுக்கு அஞ்சித் தள்ளிப்போடும் முதலாளி கணக்குச் சொல்ல வேண்டும். பழுதைக் கண்டும் வாய்மூடிய டிரைவர் கணக்குச் சொல்ல வேண்டும். அரைகுறையாகப் பார்த்துக் கூலி வாங்கிய மெக்கானிக் கணக்குச் சொல்ல வேண்டும். பங்கு பிரிக்கும்போது சேர்ந்து உட்காருகிற நாம், பழி விழும்போது பிரிந்து நிற்க முடியாது.

நம் முன்னோரிடம் திரை இல்லை. ஈயக்குண்டைக் கயிற்றில் இறக்கிப் பாகம் எண்ணினார்கள். குருட்டு நம்பிக்கையில் உயிர்களை ஏற்றிச் செல்லவில்லை. அந்தக் கயிற்றையும் படகில் வைத்திருங்கள்.

நாளைக்கு என்று சொல்லாதீர்கள். அடுத்த தங்கலுக்கு என்று சொல்லாதீர்கள். தெரியாமல் நேர்ந்தால் விபத்து. தெரிந்தும் விட்டால் குற்றம். இன்றைக்கே படகடிக்குப் போங்கள், பிளக்கைக் கழற்றுங்கள், பாருங்கள்.