வெகுளிக்குரியது நகையாகும்போது

2011 மே 27 இரவு, நியூயார்க்கைச் சேர்ந்த அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர் ஆண்டனி வீனரின் ட்விட்டர் கணக்கில் உள்ளாடையோடு ஒரு படம் வெளியானது. ஒரு மாணவிக்குத் தனிச்செய்தியாகப் போக வேண்டியது, கைதவறிப் பொதுவெளியில் விழுந்துவிட்டது. கணக்கை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்று சில நாள் சாதித்தார். ஜூன் 6 அன்று செய்தியாளர்கள் முன் அழுதபடி ஒப்புக்கொண்டார். அந்த மாதமே பதவி விலகினார். அவருடைய குடும்பப் பெயர் அமெரிக்கக் கொச்சையில் ஆணுறுப்பைக் குறிக்கும் சொல்லைப் போலவே ஒலிக்கும். இணையத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? செய்தித்தாள்களின் தலைப்புகள் தொடங்கி மீம்கள் வரை எல்லாம் அந்தப் பெயரைச் சுற்றியே ஓடின. 2013இல் அவர் நியூயார்க் மேயர் பதவிக்குக் களம் இறங்கியபோது, 'கார்லோஸ் டேஞ்சர்' என்ற புனைபெயரில் பழைய வேலையைத் தொடர்ந்தது வெளியே வந்தது. நம் பெயரைக் கொடுத்தால் அதே பாணியில் நமக்கும் ஒரு புனைபெயர் தயாரித்துத் தரும் பக்கத்தை ஸ்லேட் இதழ் தன் இணையதளத்தில் திறந்தது. ஊரே விளையாடியது. 2017இல் அதே மனிதர், 15 வயதுச் சிறுமிக்கு ஆபாசப் பொருள் அனுப்பிய குற்றத்தை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு 21 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அதற்குப் புனைபெயர்ப் பக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

இந்த ஆறு ஆண்டுகளில் அந்தச் சிரிப்பு செய்த வேலை என்ன என்பதே என் கேள்வி. அரசியல்வாதியைக் கேலி செய்யலாமா கூடாதா என்பது பழைய விவகாரம். செய்யலாம், தாராளமாகச் செய்யலாம். பாலியல் அத்துமீறலைச் சிரிப்புக்குரிய பொருளாக மாற்றும்போது எதைக் கழித்தால் அது சிரிப்புக்குரியதாகிறது என்று பார்ப்பதே இங்கே முக்கியம். அரிஸ்டாட்டில் தம்முடைய கவிதையியலில் நகைச்சுவையைப் பற்றிச் சுருக்கமாகத்தான் பேசுகிறார், ஆனால் குறி தப்பவில்லை. சிரிப்பூட்டுவது ஒருவகைப் பிழை, ஒருவகை அவலட்சணம்; ஆனால் அது யாருக்கும் வலியோ அழிவோ தராததாக இருக்க வேண்டும் என்கிறார். எடுத்துக்காட்டாக அவர் காட்டுவது நகை நாடகத்தின் முகமூடியை. கோணலாக இருக்கும், அசிங்கமாக இருக்கும், ஆனால் வலிப்பதில்லை.

நம் தொல்காப்பியம் இதையே வேறு வழியில், இன்னும் கறாராகச் சொல்கிறது. மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளுக்கும் நான்கு நான்காக நிலைக்களன் வகுக்கிறது. நகை பிறப்பது எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்ற நான்கிலிருந்து. வெகுளி பிறப்பது உறுப்பை அறுப்பது, குடியைக் கெடுப்பது, அலைத்துத் துன்புறுத்துவது, கொல்வது என்ற நான்கிலிருந்து. பட்டியல்களை அருகருகே வைத்தால் ஒன்று தெரிகிறது. நகையின் காரணங்கள் பெரும்பாலும் ஒருவனுடைய குறையைச் சார்ந்தவை. வெகுளியின் காரணங்களில் எப்போதும் இன்னொருவர் இருக்கிறார், அவருக்கு ஊறு நேர்ந்திருக்கிறது. அத்துமீறல் எந்தப் பட்டியலைச் சேர்ந்தது என்பதில் குழப்பம் ஏதும் இல்லை. அதை முதல் பட்டியலுக்கு இடம் மாற்ற ஒரே வழிதான் உண்டு. ஊறுபட்டவரைச் சட்டகத்திலிருந்து நீக்கிவிட வேண்டும். நீக்கிவிட்டால் மிஞ்சுவது சபலக்காரன் ஒருவன், அவனுடைய அசட்டுத்தனம், மாட்டிக்கொண்டபோது விழித்த விழி. அவ்வளவும் பேதைமை, மடன். சிரிக்கலாம்.

வீனர் விவகாரத்தில் இந்த நீக்கம் எவ்வளவு முழுமையாக நடந்தது என்பதற்கு 2016 அக்டோபர் சாட்சி. சிறுமி தொடர்பான விசாரணையில் கைப்பற்றப்பட்ட அவருடைய மடிக்கணினியில், அவர் மனைவி ஹூமா அபெடினின் மின்னஞ்சல்கள் இருந்தன. அபெடின், அப்போது அதிபர் வேட்பாளராக இருந்த ஹிலாரி கிளிண்டனின் உதவியாளர். அதிபர் தேர்தலுக்குப் பதினொரு நாள் முன்பு எஃப்.பி.ஐ. இயக்குநர் இதைக் காங்கிரசுக்குத் தெரிவித்ததும் நாடே அந்த மடிக்கணினியைப் பற்றிப் பேசியது. அது எதற்காகக் கைப்பற்றப்பட்டது என்பது பேச்சின் ஓரத்துக்குப் போய்விட்டது. ஐந்து ஆண்டுகள் ஒருவனைக் கோமாளியாகவே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அவன் எதிரே ஒரு குழந்தை நிற்பது சட்டென்று தெரிவதில்லை.

ஒரு புகைப்படத்தை நிதானமாகப் பார்க்கலாம். 2006இல் எடுக்கப்பட்டது. வெளிநாட்டிலிருந்த படையினருக்குக் கலை நிகழ்ச்சி நடத்திவிட்டுத் திரும்பும் ராணுவ விமானம். இருக்கையில் ஒரு பெண் தூங்குகிறார். தலையில் இரும்புத்தொப்பி, உடம்பில் குண்டுதுளைக்காத கவசம். முன்னால் அல் ஃப்ராங்கன், அப்போது நகைச்சுவைக் கலைஞர், இரண்டு கைகளையும் அவர் மார்பை நோக்கி நீட்டியபடி கேமராவைப் பார்த்து இளிக்கிறார். 2017 நவம்பரில் அந்தப் பெண்ணே படத்தை வெளியிட்டபோது ஃப்ராங்கன் மின்னசோட்டாவின் செனட்டர். வேடிக்கைக்காக எடுத்தது, ஆனால் வேடிக்கையாக இல்லை என்று மன்னிப்புக் கேட்டார். இதை மீம்களின் மூலப்படி என்றே சொல்வேன். படத்துக்கு மூன்று பேர் தேவை: செய்கிறவர், எடுக்கிறவர், பார்த்துச் சிரிக்கப் போகிறவர். நான்காமவர் தூங்கிக்கொண்டிருக்க வேண்டும். அவர் விழித்து ஒரு சொல் சொன்னாலும் நகைச்சுவை அங்கேயே முடிந்துவிடும். பதினொரு ஆண்டு கழித்து நடந்தது அதுதான். பிறகு வேறு பெண்களும் புகார் சொன்னார்கள், ஃப்ராங்கன் விலகினார், முழு விசாரணை இல்லாமல் விலகச் சொன்னதற்காகச் சில செனட்டர்கள் பின்னாளில் வருந்தினார்கள். அந்த வருத்தத்தில் நியாயம் இருக்கலாம். படத்தின் அமைப்பைப் பற்றிய என் வாதத்தை அது தொடவில்லை.

தமிழ் மீம்களுக்கு வந்தால் இந்த அமைப்பு இன்னும் இனிமையாக வேலை செய்கிறது, அதனாலேயே இன்னும் ஆபத்தாகவும். நம் மீம்காரர்களின் முதல் கருவி நகைச்சுவை நடிகர் வடிவேலு. 'வின்னர்' படத்தில் அவர் ஏற்ற கைப்புள்ள சவடால் விடுவார், அடி வாங்குவார், மீண்டும் சவடால் விடுவார். நாம் அவரை வெறுப்பதே இல்லை. அடிவாங்கும் எளியவன் என்ற பாசம் அந்த முகத்தில் இருபது ஆண்டுகளாகச் சேர்ந்திருக்கிறது. புகாருக்கு உள்ளான ஒரு தலைவரின் தலையை அந்த உடம்பில் ஒட்டினால், மீம் போட்டவரின் நோக்கம் எவ்வளவு கடுமையாக இருந்தாலும், ஒட்டப்பட்ட தலைக்கு அந்தப் பாசத்தில் ஒரு பங்கு கிடைத்துவிடுகிறது. அதிகாரம் படைத்தவர் ஒரே நொடியில் "ஐயோ பாவம், சிக்கிட்டாரு" என்ற நிலைக்கு வந்துவிடுகிறார். எந்த மக்கள்தொடர்பு நிறுவனமும் காசு வாங்கிக்கொண்டு இதைச் செய்து தந்திருக்க முடியாது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. நகையின் நான்கு நிலைக்களன்களில் முதலாவதே எள்ளல் அல்லவா? நீதிமன்றம் ஆண்டுக்கணக்கில் இழுக்கும், கட்சி காப்பாற்றும், காவல்துறை தயங்கும். எளியவனிடம் இருப்பது ஏளனம் மட்டும்தான், அதையும் பிடுங்கலாமா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஏளனம் ஒருவரைச் சிறியவராக்குகிறது என்பதும் உண்மை. ஆனால் சிறியவரானவரை மன்னிப்பதும் எளிது. இத்தாலியின் சில்வியோ பெர்லுஸ்கோனி இதைப் புரிந்து வைத்திருந்தார். தம் மாளிகை விருந்துகளைப் பற்றி உலகம் 'புங்கா புங்கா' என்று சிரித்தபோது, அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். வயது குறைந்த பெண்ணோடு தொடர்பு என்ற வழக்கில் 2013இல் தண்டிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் விடுவிக்கப்பட்டார். பெண்ணின் வயது அவருக்குத் தெரியும் என்பது நிறுவப்படவில்லை. அது நீதிமன்றத்தின் முடிவு, மதிக்கிறேன். ஆனால் அவரை 2019இல் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கும் 2022இல் இத்தாலிய செனட்டுக்கும் தேர்ந்தெடுத்தவர்களுக்கு அவர் பெயரைக் கேட்டதும் முதலில் நினைவு வந்திருக்கக்கூடியது ஒரு வேடிக்கைச் சொல். எள்ளல் அவருக்குப் பட்டாடை.

இன்னொரு பக்கத்திலிருந்தும் மறுப்பு வரும். இவை குற்றச்சாட்டுகள்தானே, நிரூபணமாகாதவரை கோபப்படுவதைவிடச் சிரித்துவிட்டுப் போவது மென்மையானது அல்லவா? ஜோ பைடனின் படமொன்று இதற்கு விடை சொல்கிறது. 2015 பிப்ரவரியில் ஆஷ் கார்ட்டர் அமெரிக்கப் பாதுகாப்புச் செயலாளராகப் பதவியேற்றபோது, அப்போதைய துணை அதிபர் பைடன் கார்ட்டரின் மனைவி ஸ்டெஃபனியின் தோள்களில் கை வைத்துக் காதருகே ஏதோ சொன்னார். ஒரு கணம் உறைந்த அந்தக் காட்சி ஆண்டுக்கணக்கில் மீமாகச் சுற்றியது. பைடன் 'அருவருப்பான மாமா' ஆனார். 2019இல் வேறு பெண்கள் பைடனின் தொடுகைகளைப் பற்றிப் பேசத் தொடங்கியபோது, ஸ்டெஃபனி கார்ட்டர் தாமே எழுதினார்: அது நண்பர் ஒருவர் தந்த ஆறுதல், படம் தவறாகப் படிக்கப்பட்டது என்று. மற்றப் பெண்களின் அனுபவத்தை அவர் மறுக்கவில்லை; தம்முடையதைத் தாம் சொல்ல உரிமை கேட்டார், அவ்வளவே. நான்கு ஆண்டுகள் அவர் முகத்தைப் பகிர்ந்தவர்களுக்கு, அவர் என்ன நினைக்கிறார் என்று கேட்கத் தோன்றவில்லை. வீனர் குற்றவாளி, இங்கே அந்தப் படத்தைப் பொறுத்தவரை குற்றமே இல்லை. இரண்டிலும் மீம் ஒரே வேலையைத்தான் செய்தது. பெண்ணின் சொல் உள்ளே வர அதில் இடம் வைக்கவில்லை. எனவே மீம் பொய் சொல்கிறது என்பதோ அரசியல்வாதிக்கு அநீதி செய்கிறது என்பதோ என் முதல் குறை அல்ல. உண்மையையே சொன்னாலும் அதற்குச் சாட்சிக்கூண்டு கிடையாது.

பெண்ணை விட்டுவிடுவதே கருணை என்பார்கள். இதுதான் எனக்குக் கடினமான மறுப்பு, ஏனென்றால் பாதி சரி. மோனிகா லெவின்ஸ்கி விட்டுவிடப்படவில்லை. 1998இல் தொடங்கிய கேலியில் அமெரிக்க அதிபரைவிட அதிகம் அடிபட்டவர், அதிபரோடு உறவு தொடங்கியபோது 22 வயதுப் பயிற்சிப் பணியாளராக இருந்த அவர்தான். உறவு தொடங்கியபோது 49 வயதாக இருந்த அதிபரோ உயர்ந்த மக்கள் ஆதரவோடு பதவிக்காலத்தை முடித்தார். கர்நாடகத்தின் ஹாசனில் 2024 தேர்தல் நேரத்தில் நடந்தது இன்னும் மோசம். அத்தொகுதியின் அப்போதைய மக்களவை உறுப்பினர் பிரஜ்வல் ரேவண்ணா தொடர்பான காணொளிகள் பென்டிரைவ்களில் ஊரெங்கும் பரவின. பென்டிரைவ் என்பதே நகைச்சுவைச் சொல்லாகிவிட்டது, பெண்களின் முகங்களோ மறைக்கப்படாமல் கைமாறின. வல்லுறவு வழக்கொன்றில் அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது 2025 ஆகஸ்டில். பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதைச் சட்டம் தடுப்பது இதனால்தான். ஆனால் அடையாளத்தை மறைப்பதும் ஊறை மறைப்பதும் ஒன்றல்ல. பெயரும் முகமும் தெரியாமலே ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்ல முடியும். நீதிமன்றத் தீர்ப்புகள் அன்றாடம் அப்படித்தான் எழுதப்படுகின்றன. மீம் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறது. அடையாளம் கையில் கிடைத்தால் பரப்புகிறது, ஊறைத்தான் விட்டுவிடுகிறது.

அப்படியானால் சிரிப்புக்கே வழியில்லையா? உண்டு, அபூர்வமாக. 2016 அக்டோபரில் டொனால்ட் டிரம்பின் பழைய ஒலிப்பதிவு ஒன்று வெளியானது. நட்சத்திரமாக இருந்தால் பெண்களின் உறுப்பைப் பிடித்து இழுக்கலாம், விட்டுவிடுவார்கள் என்ற பெருமையடிப்பு. அங்கே அவர் பயன்படுத்திய கொச்சைச் சொல்லுக்குப் பூனை என்றும் பொருள் உண்டு. 2017 ஜனவரி 21 அன்று வாஷிங்டன் பேரணியில் பெண்கள் இரண்டு பூனைக்காதுகள் வைத்துப் பின்னிய இளஞ்சிவப்புத் தொப்பிகளோடு வந்தார்கள். அதிலும் சிரிப்பு இருந்தது, எள்ளல் இருந்தது. ஆனால் அந்த நகைச்சுவையைச் சொன்னவர்கள் இழுக்கப்படக்கூடியவர்கள். விமானத்தில் தூங்கிக்கொண்டிருந்த நான்காமவரின் இடத்திலிருந்து வந்த சிரிப்பு அது. வெகுளியை வெளியே தள்ளாமல் தன்னோடு வைத்துக்கொண்டது. அந்தத் தொப்பி எல்லாப் பெண்களையும் குறிக்கவில்லை என்று கறுப்பினப் பெண்களும் திருநங்கைகளும் குறை சொன்னார்கள். அவர்கள் சொன்னதைக் கேட்டுச் சில ஊர்களில் தொப்பியைக் கழற்றி வைத்தார்கள்.