விதைப் பகிர்வின் அறம்

முன்னுரை

விதை இன்றைய உணவாகவும் உள்ளது. நாளைய விளைச்சலின் முதலாகவும் உள்ளது. பசி நேர்ந்தவிடத்து அதனை உண்பது அறமா, காப்பது அறமா என்பது வேளாண் சமூகத்தின் பழைய வினா. மரபு விதைகளைக் காத்துப் பகிரும் முயற்சிகள் இவ்வினாவிற்குத் தரும் விடையை இக்கட்டுரை ஆராய்கிறது.

இரு நிலைகள்

பெரியபுராணம் காட்டும் இளையான்குடி மாறநாயனார், மழை இரவில் வந்த அடியாருக்கு அமுதளிக்க, அன்று பகலில் விதைத்த நெல்முளைகளையே வாரிவந்தார். இதற்கு நேர்மாறானது லெனின்கிராடு நிகழ்வு. 1941 முதல் 1944 வரை நீடித்த முற்றுகையில், வவிலோவ் திரட்டிய விதைத் தொகுப்பைக் காத்த அறிவியலாளர் சிலர் அதனை உண்ணாது பட்டினியால் இறந்தனர். முன்னவர் எதிர்நின்ற பசியை மதித்தார். பின்னவர் பிறவாத தலைமுறையின் பசியை மதித்தனர். இருசாராரும் போற்றத்தக்கோரே. எனினும் இக்கொடிய தேர்வு நேர்ந்த காரணம் நோக்கத்தக்கது. நாயனாருக்குக் கடன் தருவார் எவருமில்லை. லெனின்கிராடு விதைகளுக்கோ வேறிடத்தில் மாற்று உண்டென்னும் உறுதி இல்லை.

பகிர்வே காப்பு

வானம் பார்த்த நிலங்களில் இத்தேர்வு மீண்டும் மீண்டும் நேர்கிறது. மழை பொய்த்தால் விளைச்சலோடு மறு ஆண்டின் விதையும் அழிகிறது. மேற்கு வங்கத்தின் பாங்குரா அத்தகைய வறட்சிப் பகுதி. 1997இல் 'விரீஹி' என்னும் நெல்விதை வங்கியைத் தொடங்கிய சூழலியலாளர் தேபல் தேப், பின்னர் அம்மாவட்டத்தில் பண்ணை அமைத்து, வறட்சி தாங்கும் மரபு நெல்வகைகளையும் ஆண்டுதோறும் பயிரிட்டு, உழவர்க்கு விலையின்றி வழங்கினார். 2011இல் அப்பணி ஒடிசாவின் ராயகடா மாவட்டத்திற்கு மாறியது. தமிழகத்தில் நெல் ஜெயராமன், திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் 2006 முதல் நெல் திருவிழா நடத்தினார். அங்கு 2 கிலோ விதை பெற்றவர் மறு ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தரவேண்டும். இது வட்டி போலத் தோன்றினும் வட்டியன்று. மிகுதி விதை கொடுத்தவரின் இலாபமாகாமல் மற்றோர் உழவரைச் சென்றடைகிறது.

உரிமையும் கடமையும்

2001ஆம் ஆண்டின் பயிர்வகைப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் விதையைச் சேமிக்கவும் பரிமாறவும் உழவர்க்கு உரிமை தருகிறது. ஆயின் சட்டம் பகிர்வை அனுமதிக்குமேயன்றிக் கடமையாக்காது. பெற்ற விதையை அடுத்தவர்க்கு அளிக்கும் கடமையை வழக்கமே உருவாக்க வேண்டும்.

முடிவுரை

பிற பொருள்கள் கொடுக்கக் குறையும்; விதை கொடுக்கப் பரவும். தன் விதை அயலார் வயலிலும் உளதாயின், ஓர் உழவர் பசித்தவர்க்குச் சோறிட்டுவிட்டு மறுநாள் விதை கேட்டுச் செல்ல இயலும். உண்பதா காப்பதா என்னும் தேர்வையே நேராமற் செய்வதுதான் விதைப் பகிர்வின் அறம் எனலாம்.