தெரியாது என்பது விடையாகுமா?

ஓர் அமைச்சகத்தின்மீது ஊழல் குற்றச்சாட்டு எழும்போதெல்லாம் இரண்டு குரல்களை நாம் கேட்கிறோம். "என் கவனத்திற்கு வராமலே நடந்துவிட்டது" என்கிறார் மேலே இருப்பவர். "மேலிடத்துக்குத் தெரிந்தே செய்தேன்" என்கிறார் கீழே இருப்பவர். இவ்விருவரில் எவர் சொல்வது மெய் என்று ஆராய்வது விசாரணை மன்றத்தின் வேலை. ஆனால், அதற்கும் முந்திய கேள்வி ஒன்று உண்டு. மேலே இருப்பவர் சொல்வது மெய்யென்றே வைத்துக்கொள்வோம். அவருக்கு உண்மையிலேயே தெரியாது. அதனால் அவர் பொறுப்பிலிருந்து விடுபட்டுவிடுகிறாரா?

இக்கேள்வியைச் சுதந்திர இந்தியா நேருக்கு நேர் சந்தித்த நிகழ்ச்சி முந்த்ரா விவகாரம். இன்றைய தலைமுறைக்கு அது அவ்வளவாகத் தெரியாது. எனவே சற்று விரிவாகவே நினைவுகூர்வோம்.

1956 செப்டம்பர் முதல் நாள் இந்திய ஆயுள் காப்பீட்டுக் கழகம் தோன்றியது. தனியார் கைகளில் இருந்த 200க்கும் மேற்பட்ட காப்பீட்டு நிறுவனங்களை அரசு ஏற்று ஒன்றாக்கியது. எங்கள் கே.ஜி.கண்டிகையில் கழனி உழுபவரும், பள்ளிப்பட்டுப் பக்கத்து நெசவாளியும், தொடக்கப்பள்ளி ஆசிரியரும், தமக்குப்பின் பிள்ளைகள் தெருவில் நிற்கக்கூடாதே என்று வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் செலுத்துகிற பணம் அக்கழகத்தில் சேர்கிறது. அது ஒருவகையில் அடைக்கலப் பொருள்.

கழகம் தோன்றி ஓராண்டுகூட நிறைவுறவில்லை. 1957 ஜூன் மாதத்தில், கல்கத்தாவைச் சேர்ந்த ஹரிதாஸ் முந்த்ரா என்னும் தொழிலதிபரின் ஆறு நிறுவனங்களில், கழகம் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய்க்குப் பங்குகளை வாங்கியது. அந்நாளில் அது மிகப் பெரிய தொகை. முந்த்ராவோ கடும் பண நெருக்கடியில் இருந்தவர். பங்குகள் சந்தையில் வாங்கப்படவில்லை; அவரிடமிருந்தே நேரடியாகப் பெறப்பட்டன. இத்தகைய முதலீடுகளை ஆராய்வதற்கென்றே இருந்த முதலீட்டுக் குழுவை எவரும் முன்கூட்டிக் கலந்தாலோசிக்கவில்லை.

அவ்வாண்டு டிசம்பரில் இதனை மக்களவையில் அம்பலப்படுத்தியவர் ஆளுங்கட்சியைச் சேர்ந்தவர். பிரதமர் நேருவின் மருமகனுமான பெரோஸ் காந்தி. குற்றம் சாட்டப்பட்டதோ நேருவின் நிதியமைச்சகம். அமைச்சர், சென்னையைச் சேர்ந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி. அரசியல் சாசன வரைவுக் குழுவில் இடம்பெற்றவர். அறிவாற்றலில் எவருக்கும் இளைத்தவரல்லர். ஆக, கட்சிக்குள்ளேயே, ஏன், குடும்பத்துக்குள்ளேயே பிளவு என்று பேசுவதற்கு இடமிருந்தது.

இங்கே ஒரு கணம் நிற்போம். குற்றச்சாட்டு எழுந்தவுடன் நாம் முதலில் கேட்பது என்ன? "எந்தக் கோஷ்டி கிளப்பிவிட்டது?" என்பதே. சொன்னவரின் உள்நோக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டால் சொல்லப்பட்டதற்கு விடையளித்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறோம். பகையினால் சொன்ன உண்மையும் உண்மையே. சொன்னவரின் நெஞ்சத்தில் பொறாமை இருந்தால் அதற்கு அவர் தம் மனச்சான்றுக்கு முன் கணக்குக் கொடுக்கட்டும். காணாமற்போன பணத்திற்குக் கணக்கு, அதைக் காக்க வேண்டியவரே தரவேண்டும். பெரோஸ் காந்தியின் உள்ளத்தில் என்ன இருந்தது என்று எவர் அறிவார்? முதலீட்டுக் குழுவை ஏன் கேட்கவில்லை என்ற வினாவோ அவருடைய உள்ளத்தைச் சார்ந்து நிற்கவில்லை.

பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா ஒருநபர் ஆணையமாக 1958 ஜனவரியில் நியமிக்கப்பட்டார். விசாரணை மக்கள் முன்னிலையில் வெளிப்படையாக நடந்தது. திரண்டு வந்தவர்கள் கேட்பதற்காக ஒலிபெருக்கிகளும் வைக்கப்பட்டன. ஒரு மாதத்திற்குள், பிப்ரவரி 10ஆம் நாள், அறிக்கை வந்துவிட்டது. ஆண்டுக்கணக்கில் ஆணையங்கள் நீடிப்பதைக் கண்டு பழகிய நமக்கு இது வியப்பாக இருக்கலாம்.

அவ்விசாரணையில்தான் அந்த இரண்டு குரல்களும் ஒலித்தன. அமைச்சரின் இசைவோடு செய்ததாக நிதித்துறை முதன்மைச் செயலர் எச்.எம். படேல் கூறினார். தாம் இசைவளிக்கவில்லை என்றார் அமைச்சர். சாக்ளா அவர்களின் முடிவு இரண்டு படிகளைக் கொண்டது. நடந்ததை அறிந்த பின்னரும் அமைச்சர் அதனை மறுத்து ஒதுக்கவில்லை என்பது ஒன்று. மற்றொன்று இன்னும் ஆழமானது: தம் துறையின் செயலர் செய்ததற்கு நாடாளுமன்றத்தின்முன் அமைச்சரே பொறுப்பு, செயலரைக் கேடயமாகப் பிடிக்கவோ, அவர் செய்தது தமக்குரியதன்று எனத் தள்ளவோ அமைச்சருக்கு வழியில்லை. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். அவ்வாண்டு வரவு செலவுத் திட்டத்தைப் பிரதமரே மக்களவையில் படைக்க நேர்ந்தது.

அமைச்சர் தம் பைக்குள் பணம் போட்டுக்கொண்டார் என்று ஆணையம் சொல்லவில்லை. அப்படியிருக்க, பிறர் செய்ததற்கு அவர் விலை கொடுப்பது நீதியாகுமா? ஓர் அமைச்சகத்தில் அன்றாடம் ஆயிரம் கோப்புகள் நகர்கின்றன. அத்தனையையும் ஒரு மனிதர் அறிந்திருக்க முடியுமா? இது நேர்மையான வினா. இதனைத் தட்டிக்கழிக்கலாகாது.

அறநெறி இறையியலில் அறியாமையைப் பற்றிய பழைய பாகுபாடு ஒன்று உண்டு. புனித தாமஸ் அக்குவினாஸ் இதனை நுணுக்கமாக ஆராய்ந்திருக்கிறார். எவ்வளவு முயன்றாலும் நீக்க இயலாத அறியாமை ஒன்று, அதற்குக் குற்றமில்லை. முயன்றால் நீங்கியிருக்கக்கூடிய அறியாமை இரண்டாவது. முயலாததே அங்கே குற்றம். மூன்றாவது, வலிந்து மேற்கொண்ட அறியாமை. தெரிந்துகொண்டால் தடுக்க வேண்டியிருக்குமே என்று அஞ்சித் தெரிந்துகொள்ளாமலே இருப்பது. இது குற்றத்தைக் குறைப்பதில்லை, கூட்டவே செய்கிறது.

இப்பாகுபாட்டை அமைச்சகத்திற்குப் பொருத்திப் பாருங்கள். ஒரு சாதாரணக் குடிமகனுக்கு நீக்க இயலாத அறியாமையாக இருப்பது, கோப்பை வரவழைக்கும் அதிகாரம் பெற்றவருக்கு அவ்வாறு இராது. அதிகாரம் என்பது ஆணையிடும் உரிமை மட்டுமன்று. கேட்டறியும் கடமையும் அதில் அடங்கியிருக்கிறது. வள்ளுவர் பொருட்பாலில் 'தெரிந்து தெளிதல்', 'தெரிந்து வினையாடல்' என அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்களை வைத்ததும், ஆளைத் தேர்ந்து பணியில் அமர்த்துவது ஆள்வோரின் கடமை என்பதனால்தான்.

சிலப்பதிகாரத்துப் பாண்டியனை நினைத்துப் பாருங்கள். அவன் ஏமாற்றப்பட்டான். களவு செய்தவன் பொற்கொல்லன். பொய் சொன்னவனும் அவனே. கண்ணகியின் சிலம்பு உடைந்து மாணிக்கப்பரல் தெறித்த வேளையில், "என்னை ஏமாற்றிவிட்டார்கள்" என்று அவன் சொல்லியிருக்கலாம். அது பொய்யும் ஆகாது. ஆனால், பொற்கொல்லன் பேச்சை ஆராயாமல் நம்பியதையே அவன் தன் குற்றமாக எடுத்துக்கொண்டான். நாம் சாக்காகச் சொல்லும் ஒன்று அவனுக்குக் குற்றப்பத்திரிகை ஆயிற்று.

முந்த்ரா விவகாரத்திற்குச் சற்று முன், 1956 நவம்பர் 23ஆம் நாள், அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் தகர்ந்து, தூத்துக்குடி விரைவு வண்டி கவிழ்ந்து 140க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அவர் பாலத்தை உடைத்தார் என்று எவரும் சொல்லவில்லை. குற்றம் வேறு, பொறுப்பு வேறு என்பதை அவர் அறிந்திருந்தார். குற்றம் செய்தவரோடு நிற்கும். பொறுப்போ பதவியோடு வருகிறது.

பொறுப்பேற்பது ஒரு மனிதரின் முடிவும் அன்று. சாஸ்திரி பின்னர் பிரதமரானார். பணியை இழந்த படேல் 1977இல் ஜனதா அரசின் நிதியமைச்சரானார். கிருஷ்ணமாச்சாரியும் 1962இல் மீண்டும் அமைச்சரவைக்கு வந்தார். 1963இல் அதே நிதித்துறையை ஏற்றார். 1965 இறுதியில் வேறு குற்றச்சாட்டுகளின் நடுவே இரண்டாம் முறை விலகினார் என்பது வேறு கதை. விலகியவரை என்றென்றைக்கும் ஒழித்துவிட வேண்டும் என்று நினைக்கும் சமுதாயத்தில் எவரும் விலக மாட்டார், எல்லாரும் மறுத்துக்கொண்டேயிருப்பர். பொறுப்பை எதிர்பார்க்கிற மக்கள் மன்னிக்கவும் அறிந்திருக்க வேண்டும்.

இவையெல்லாம் தில்லிக்குரியவை என்று நாம் ஒதுங்கிக்கொள்ள இயலாது. கூட்டுறவுச் சங்கத் தலைவர் எழுத்தரின் கணக்கில் ஒப்பமிடுகிறார். பள்ளித் தாளாளர் காசோலையில் கையெழுத்திடுகிறார். பங்குக் குருவும் பங்குப் பேரவையும் திருவிழாக் கணக்கை ஏற்றுக்கொள்கின்றனர். படிக்காமல் போட்டதும் கையெழுத்துத்தான். நாளை எவரேனும் எழுந்து கேள்வி கேட்டால், "அவர் எந்தப் பக்கத்து ஆள்?" என்று முணுமுணுக்காமல், கணக்குப் புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைக்க நம்மில் எத்தனை பேர் ஆயத்தமாக இருக்கிறோம்? அமைச்சர்களிடம் கேட்கும் உரிமை நமக்கு நிச்சயம் உண்டு. அதை நம் சிறிய மேசைகளிலிருந்து தொடங்கினால் அக்கேள்விக்கு வலிமை கூடும்.