பிசிறு

சென்ற வருஷம் வங்கி நண்பர்களோடு முயல் தீவுக் கடற்கரைக்குப் போனபோது, மீன் சுட ஒரு கம்பித்தட்டு செய்து எடுத்துப் போயிருந்தேன். பழைய ஜன்னல் கம்பி, ஹாக்ஸா, கட்டுக்கம்பி; ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதுமாக இருந்தது. வெட்டிய முனைகளை அரத்தால் தேய்க்கவில்லை. அதைச் சோம்பல் என்று அப்போது ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன். கவிதையில் மெருகு பொய், கரடுமுரடுதான் நேர்மை என்று சில வாரங்களுக்கு முன்புதான் எழுதியிருந்தேன்.

விளைமீனைத் திருப்பிப் போடுவதற்காக ஒரு நண்பர் தட்டைப் பிடித்தார். கைப்பிடியாக நீட்டிவிட்டிருந்த கம்பியின் முனையில் இருந்த பிசிறு, அவருடைய வலது உள்ளங்கையைக் கிழித்தது. 'ஒண்ணுமில்ல சார்' என்றார். மீனில் உப்பும் மிளகாயும். அன்று அவர் இடது கையால் சாப்பிட்டார். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

மெருகு என்ற ஒரே வார்த்தையில் நாம் இரண்டு காரியங்களைக் குழப்பிக்கொள்கிறோம். ஒன்று கண்ணுக்கானது, மற்றது கைக்கானது. துத்தநாகம் பூசிய கம்பி கடையில் பளபளக்கும். இந்த ஊர் உப்புக்காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்காது. ஆனால் துத்தநாகம் சுமார் 420 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். கங்கின் சூடு அதைத் தாண்டும். மிகவும் காய்ந்தால் எழும் புகையைச் சுவாசித்தவனுக்குக் குளிர்ஜுரம் வரும். அந்தப் பளபளப்பைச் சந்தேகித்தது சரி. அதனால் பிசிறையும் விட்டுவைக்கலாம் என்று போனதுதான் என் தவறு.

பூச்சில்லாத இரும்புக்கு, செய்தவன் தரமுடியாத ஒரு முடிவும் உண்டு. புதுத் தோசைக்கல்லைப் பழக்குவதுபோல எண்ணெய் தடவி மறுபடி மறுபடி காயவைக்க, எண்ணெய் இறுகிக் கறுப்பாய் ஒரு படலமாகிறது. புழங்குகிறவர்தான் அதை உண்டாக்க வேண்டும். கவிதையில் வாசகனுக்கும் இப்படி ஒரு பங்கு உண்டு. ஆனால் அதைக் காட்டி எழுதியவன் தன் பங்கைத் தட்டிக்கழிக்க முடியாது.

கரடே கூடாது என்பதில்லை. கைப்பிடியில் அரம் கீறிய கோடுகளை விட்டுவைத்தால் பிடி வழுக்காது. அது கையை நினைத்து விட்ட கரடு. பிசிறு, கையை மறந்ததால் தங்கிப்போனது. எழுத்தில் இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதால் விமர்சகன் ஏமாறுகிறான். நேர்மையை என் கணக்கில் வரவு வைத்துக்கொண்டு, பற்றை இன்னொருவர் கணக்கில் எழுதினேன். வங்கியில் இதற்கு வேறு பெயர்.

திரும்பி வந்ததும் முனைகளைத் தேய்த்தேன். பத்து நிமிஷம் ஆயிற்று. அந்தக் கட்டுரையைத் தேய்க்க வழியில்லை, அச்சாகிவிட்டது.