சல்லடை பிடித்த கைக்கு உலை எம்மாத்திரம்!

"பட்டாசை விட்டால் நமக்கு வேறென்ன தெரியும்?"

சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் போனால் இந்தப் பேச்சு காதில் விழாமல் இருக்காது. 2018 அக்டோபர் 23-ல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை போட்டு, ஆலைகள் பூட்டிக் கிடந்த நாட்களில் டீக்கடைக்கு டீக்கடை இதே புலம்பல்தான். புலம்புகிறவர் யார் என்று கொஞ்சம் பாருங்கள். எந்தப் பொடியை எந்த மெஷ்ஷில் சலித்தால் எப்படி எரியும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுகிறவர்! காற்றில் ஈரம் ஏறினால் மருந்து என்ன செய்யும், மணிமருந்து வெயிலில் எவ்வளவு நேரம் காய வேண்டும் என்று பாடப்புத்தகம் இல்லாமலே படித்தவர்! இவர் கேட்கிறார், எனக்கு என்ன தெரியும் என்று. தம்பி, தங்கச்சி, கேட்க வெட்கமாக இல்லையா?

உன் கைக்குத் தெரிந்த வித்தை அப்படியே செல்லுபடியாகிற தொழில் ஒன்று இருக்கிறது. கொதிக்கக் கொதிக்க வரும் ஆலைப் புகையை வடிகட்டும் நுண்துளைப் பீங்கான். பெயரைக் கேட்டு மிரளாதே. வீட்டு எவர்சில்வர் வாட்டர் ஃபில்டரைத் திற. உள்ளே வெள்ளையாக நிற்கிறதே கேண்டில், அதன் பெரியண்ணன் இது. ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் நீளம், ஏறத்தாழ 60 மில்லிமீட்டர் விட்டம், ஒரு முனை அடைத்த குழாய். அப்படி நூற்றுக்கணக்கில் ஓர் இரும்புக் கலத்துக்குள் தொங்கவிடுவார்கள். தூசிப் புகை வெளிப்பக்கம் மோதும்; தூசி சுவரிலேயே நின்றுவிடும்; சுத்தமான வாயு உள்வழியாக மேலே போகும். தூசி தடித்ததும் அழுத்தக் காற்றை ஒரு நொடிக்கும் குறைவாக உள்ளிருந்து எதிர்ப்பக்கம் அடித்தால் ஆடை ஆடையாக உதிர்ந்து விழும்.

துணிப் பை போதாதா? பாலியஸ்டர் பை 150 டிகிரியிலேயே கைவிரித்துவிடும். கண்ணாடி இழைப் பை 260 வரை தாங்கும். அதற்கு மேல் சூடான புகையை, தண்ணீர் தெளித்தோ வெளிக்காற்றைக் கலந்தோ ஆற்றித்தான் பைக்குள் விட முடியும். நிலக்கரிக்குக் காசு கொடுத்து உண்டாக்கிய சூட்டை, மறுபடி காசு கொடுத்துக் கொல்லுகிற கூத்து இது! பீங்கான் 400, 600 டிகிரியிலும் அசராது. அந்தச் சூட்டில் இன்னொரு கொதிகலனை ஓட்டலாம். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வாகனப் புகை விதி வந்தபின் புது டீசல் வண்டிகளின் புகைக்குழாயிலும் துளைத்துளையான பீங்கான்தான் கரியைப் பிடிக்கிறது. ஆர்.ஆர். நகரிலும் ஆலங்குளத்திலும் சிமெண்ட் ஆலைகளைக் கண்ணெதிரே வைத்திருக்கும் மாவட்டம் உன்னுடையது. புகைக்கா இங்கே பஞ்சம்?

இப்போது வேலைக்கு வா. இந்தக் குழாய்க்கு மூலப்பொருளான சிலிக்கான் கார்பைடு மணிகளைச் சலிக்க வேண்டும். உன் ஊரில் மெஷ் மாறினால் சத்தம் மாறும். இங்கே மெஷ் மாறினால் துளை மாறும். அவ்வளவுதான் வித்தியாசம்! ஒரே அளவு மணிகளாக இருந்தால்தான் இடையில் சந்து நிற்கும். பொடி கலந்துவிட்டால் அது சந்தில் புகுந்து அடைத்துக்கொள்ளும். பிறகு கொஞ்சம் களிமண், கொஞ்சம் பசை. துளை இன்னும் வேண்டுமா? உமித்தூளோ மரத்தூளோ சேர். அது சூளையில் எரிந்து போகும். அது இருந்த இடம் துளையாக நிற்கும். உமியும் பசையும் எரியும் கட்டத்தில் அவசரப்பட்டுச் சூடேற்றினால் உள்ளே கிளம்பும் வாயு குழாயைப் பிளந்துவிடும். அதைத் தாண்டியபின் 1,200, 1,300 டிகிரி என்று ஏற்றலாம். மணியும் மணியும் தொடுகிற இடத்தில் மட்டும் களிமண் உருகிப் பிடிக்க வேண்டும். பேராசைப்பட்டுக் கூட வேகவிட்டால் துளை மூடி வெறும் கல் கிடைக்கும். கொஞ்சம் கூடினால் கெட்டது, கொஞ்சம் குறைந்தாலும் கெட்டது என்கிற இந்தக் கணக்கு உனக்குப் புதிதா என்ன?

வெடிக்கும் வடிகட்டிக்கும் உறவு கூட உண்டு. கீசல்கர் என்ற மண்ணில் நைட்ரோகிளிசரினை ஊறவைத்துத்தான் ஆல்ஃபிரட் நோபல் 1867-ல் டைனமைட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். அதே வகை மண்ணில் ஜெர்மனியின் பெர்க்கெஃபெல்டு 1891-ல் தண்ணீர் வடிகட்டும் கேண்டில் செய்தார். மறு ஆண்டு ஹாம்பர்க் நகரைக் காலரா சூறையாடியபோது அது கைகொடுத்தது.

சறுக்கும் என்று பயமா? பெரிய பெரிய நிறுவனங்களே சறுக்கிய தொழில் இது. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஒஹாயோவில் டிட் என்ற 70 மெகாவாட் மின்நிலையத்தில் பீங்கான் கேண்டில்களைச் சோதித்தார்கள். கேண்டிலுக்கும் கேண்டிலுக்கும் நடுவே சாம்பல் பாலம் கட்டி, இறுகி, கேண்டில்களை ஒடித்துப் போட்டது. என்ன செய்தார்கள் தெரியுமா? வடிகட்டிக்கு முன்னால் புகையைச் சுழற்றித் தூசி பிடித்துக்கொண்டிருந்த சைக்ளோன் கருவியை மட்டுப்படுத்தி, பருந்தூசியையும் சேர்த்தே வடிகட்டிக்குள் விட்டார்கள்! வெறும் நைஸ் தூசி அப்பிக்கொள்ளும். பருந்தூசி கலந்தால் பொலபொலவென்று உதிரும். அதிகத் தூசி விட்டுக் காப்பாற்றினார்கள். இதைப் படித்தபோது எனக்குச் சிவகாசி போர்மேன்கள்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள். அவர்களிடம் முதலிலேயே கேட்டிருந்தால் சில கேண்டில்கள் மிஞ்சியிருக்கும் என்று நினைக்கிறேன்.

படிப்பு வேண்டாமா என்றால், வேண்டும். 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் இந்த வறண்ட பூமியிலிருந்து ரயிலேறிக் கல்கத்தா போனார்கள். தீப்பெட்டித் தொழிலைக் கூடவே இருந்து கற்றுக்கொண்டு, மறு ஆண்டு சிவகாசியில் தொடங்கினார்கள். அதே கல்கத்தாவின் யாதவ்பூரில் 1950 முதல் மத்திய கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அவ்வளவு தூரம் கூட வேண்டாம். விருத்தாசலத்தில் பீங்கான் தொழில்நுட்பத்துக்கு அரசுப் பயிலகம், கிண்டி அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில் பட்டப்படிப்பு. அந்த இருவருக்கும் கூகுள் மேப் கூடக் கிடையாது, அப்பா! நீ வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் பார்த்துக்கொண்டு "வழியில்லை" என்கிறாய்.

ஆனால் துணிச்சலை அசட்டுத்தனமாக்காதே. 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் என்ன நடந்தது என்று உன் வீட்டிலேயே சொல்வார்கள். பட்டாசு வளாகத்தின் பக்கத்தில் சூளை என்று நினைத்துக்கூடப் பார்க்காதே. தனி இடம், தனி உரிமம். பீங்கான் தூசி நுரையீரலைத் தின்னும், முகக்கவசத்தைக் கழற்றாதே. வாங்குகிறவரிடம் எதை எரிக்கிறார் என்று முதலில் கேள். விறகு, தட்டை எரிக்கும் உலைப் புகையில் பொட்டாசியம் ஆவியாக வரும்; அது களிமண் பிணைப்பை மெல்ல அரிக்கும். பொட்டாசியம் உனக்குப் பழகிய பேர்வழி, அதன் குணத்தை உனக்குச் சொல்லித்தர வேண்டாம்.

முதலில் முழ நீளத்தில் ஒரு குழாய் செய். சூளையிலிருந்து எடுத்து ஆறியதும் தட்டிப் பார். மானாமதுரையில் கடம் செய்கிறவர் காதால் பானையைத் தேர்வதுபோல நீயும் தேர்ந்துகொள். கணீரென்று கேட்டால் சரி, பொத்தென்று கேட்டால் எங்கோ விரிசல். பிறகு தண்ணீரில் ஊறவைத்து, மூழ்கவிட்டு, உள்ளே காற்றை மெதுவாக ஏற்று. முதல் குமிழ் வருகிற இடம்தான் இருப்பதிலேயே பெரிய துளை. அந்த அழுத்தத்தைக் குறித்துக்கொள். ஓர் இடத்தில் மட்டும் குபுகுபுவென்று வந்தால் உடைத்துப் போட்டு அடுத்ததைச் செய். சுற்றிலும் பொடிப்பொடியாக ஒரே சமயத்தில் கிளம்பினால், போய் விலைப்பட்டியல் அடி. சிவகாசியில் அச்சடிக்கவா இடமில்லை!